கதை இல்லாத வெள்ளி ஸ்பூன்

அத்தியாயம் 5

"திருட வந்தவன் சுத்தக் கேனையன் மேடம்" என்றான் துலுக்கானம்.

கண்ணாடி அலமாரிக்கு முன்னால் குனிந்திருந்த தாட்சாயிணி நிமிரவில்லை. "ஏன்?"

"மேல் தட்டுல பாருங்க. மொழங்கை நீட்டுக்கு ஒண்ணு கீது, கெட்டி வெள்ளி. பக்கத்துல சாமி பொம்ம வச்சது ஒண்ணு கீது. அத்தெல்லாம் உட்டுட்டு, சுண்டுவெரலாட்டம் இருந்தத எட்த்துகினு பூட்டான். இவன்லாம் ஒரு திருடன்!"

தாட்சாயிணிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அன்றைக்கு அது சிரிக்கிற வீடாக இல்லை. கொரட்டூர் ஏரியை ஒட்டிய அந்தத் தெருவில் காலையிலிருந்தே அக்கம்பக்கத்து ஜன்னல்கள் எல்லாம் இந்த வீட்டைப் பார்த்துத் திறந்திருந்தன.

அம்பத்தூர் ஓ.டி.யில் சைக்கிள் கடை மாடியில் ஒரு அறை, ஒரு டெலிபோன், ஒரு பழைய எம்-80 மொபெட். தாட்சாயிணியின் துப்பறியும் நிலையம் அவ்வளவுதான். முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் விபத்துகளை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தவள். துலுக்கானம் முன்னாள் ஆட்டோ டிரைவர், இந்நாள் உதவியாளன். சம்பளம் வேலைக்கு மட்டும், வாய் இலவசம்.

வீட்டுக்காரர் குணசேகரன், தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தத் தெருவில் மற்ற ஆண்கள் ரிடையரானதும் ரோஜாத் தொட்டி வைத்தார்கள், அல்லது மருமகளிடம் குறை கண்டுபிடித்தார்கள். இவர் பழங்கால வெள்ளி ஸ்பூன் சேர்த்தார். வெள்ளைக்காரர் காலத்து ஸ்பூன்கள், பங்களாக்களை இடிக்கும்போது வெளியே வந்தவை. அதில் ஒன்று காணோம். வீட்டு வேலை செய்கிற அங்கம்மா மேல் பழி விழுந்துவிட்டது. குணசேகரனின் மனைவி கஸ்தூரிதான் அன்று காலை தாட்சாயிணிக்குப் போன் செய்தவள்.

"சாயங்காலம் என் தம்பி வர்றான். ஸ்பூன் கிடைக்கலேன்னா அங்கம்மாவை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்னு நிக்கிறான். அதுக்குள்ள நீங்க கண்டுபிடிச்சாகணும்" என்றாள் கஸ்தூரி. சொல்லும்போது புடவைத் தலைப்பை முறுக்கினாள். பறிகொடுத்தவளின் கோபம் அந்த முகத்தில் இல்லை. வேறு ஏதோ இருந்தது.

"ஒவ்வொண்ணா காட்டுங்க சார்" என்றாள் தாட்சாயிணி.

அவ்வளவு நேரம் சுவர் ஓரமாகச் சுருங்கி நின்ற குணசேகரன், அலமாரியைத் திறந்ததும் வேறு மனிதராகிவிட்டார்.

"இது சீமையில செஞ்சது. காம்புக்குப் பின்னாடி பாருங்க, நடக்கிற சிங்கம். அந்த முத்திரை இருந்தா சுத்த வெள்ளின்னு அர்த்தம். இது நம்ம மெட்ராஸ் ஆசாரி செஞ்சது. துரைங்களுக்காகக் காம்புல சாமி உருவம் வச்சுச் செஞ்சாங்க. இதோட நுனியைப் பாருங்க, இடது பக்கம் மட்டும் தேஞ்சிருக்கு. வலது கைக்காரர் வருஷக் கணக்கா தட்டுல சுரண்டிச் சாப்பிட்டிருக்கார். அந்த மனுஷன் மண்ணோட மண்ணாயிட்டார், அவர் பசி இதுல இருக்கு."

"இது இன்னா சார், சல்லடையாட்டம் ஓட்டை?"

"டீயில மிதக்கிற தூளை அள்ள. காம்பு நுனி ஊசி மாதிரி இருக்கே, அது கெட்டில் மூக்கு அடைச்சா குத்திவிட."

"இந்த நீட்டு?"

"எலும்புக்குள்ள இருக்கிற மஜ்ஜையைத் தோண்டி எடுக்க."

துலுக்கானம் வாயைப் பிளந்தான். "நல்லி எலும்புக்குன்னு தனியா ஒரு ஸ்பூனா! நாங்க சும்மா ஒரு தட்டு, ஒரு உறிஞ்சு, கதம் கதம். வெள்ளக்காரன் நாட்ட உட்டு ஓடுனதுல தப்பே இல்ல மேடம்."

"தம்பி, இந்த வீட்டுல அந்தப் பேச்சு வேணாம்" என்றாள் கஸ்தூரி. குரல் கடுமையாக இல்லை, ஆனால் துலுக்கானம் உடனே வாயை மூடிக்கொண்டான். "எங்க பையன் மூளைக் காய்ச்சல்ல கெடந்தப்போ மாங்காடு அம்மனுக்கு வேண்டிக்கிட்டேன். பிள்ளை பிழைச்சா நாங்க ரெண்டு பேரும் ஆயுசுக்கும் கவிச்சி தொடமாட்டோம்னு. பிழைச்சான். இப்போ துபாய்ல இருக்கான். அன்னையிலேருந்து மீன் கிடையாது, கறி கிடையாது, ஒரு முட்டை ஓடு கூட இந்த வாசப்படி தாண்டினதில்லை."

குணசேகரன் தரையைப் பார்த்தார்.

"சரி, காணாமப் போனது எப்படி இருக்கும்?" என்று தாட்சாயிணி அவரைக் கேட்டாள்.

"அதுவா... சின்னது. குழி மட்டும் தங்க முலாம்."

"எதுக்கு உபயோகிச்சது?"

"தெரியலைம்மா. சும்மா அலங்காரத்துக்கு இருக்கும். வேலப்பன்சாவடியில கலியமூர்த்தி கடையில வாங்கினேன்." அலமாரியைப் பூட்டிவிட்டு மறுபடி சுவர் ஓரத்துக்குப் போய்விட்டார்.

தாட்சாயிணி பின்கட்டுக்கு நடந்தாள். துவைக்கிற கல், தொட்டி, கொடி. கொடியில் ஒரே ஒரு அரைக்கை வெள்ளைச் சட்டை. வெயிலிலும் ஆடித் தூறலிலும் நாள் கணக்கில் கிடந்து விறைத்துப் போயிருந்தது. தோளில் காக்கை எச்சம். மார்புப் பைக்குக் கீழே வெளிறிய மஞ்சளில் ஒரு திட்டு.

"இது யார் சட்டை?"

"அவரோடது. காலையில ஏரிக்கரைக்கு வாக்கிங் போவார், டாக்டர் சொல்லியிருக்கார். ஞாயித்துக்கிழமையிலேருந்து போகலை, உடம்பு சரியில்லைங்கிறார்."

"துணி துவைக்கிறது யாரு?"

"அங்கம்மாதான். ஒன்பது வருஷமா இருக்கா. அவ கை பட்டா ஒரு கறை நிக்காது." சொல்லிவிட்டுக் கஸ்தூரி உதட்டைக் கடித்துக்கொண்டாள். சட்டையை அவள் எடுக்கவும் இல்லை.

வாசலில், கேட்டுக்கு வெளியே, பூவரச மர நிழலில் அங்கம்மா உட்கார்ந்திருந்தாள். ஐம்பதைத் தொடுகிற வயது, முடிந்த கொண்டை, மடியில் வெற்றிலைச் சுருக்குப்பை. இந்தத் தெருவிலேயே அவள் வேலை செய்த மற்ற வீடுகளும் காலையில் அவளை நிறுத்திவிட்டன. ஒரு வீட்டில் அவள் பையைக் கவிழ்த்துக் கொட்டிப் பார்த்திருக்கிறார்கள். அடுத்த மாதம் அவள் பெண்ணுக்குப் பரிசம். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார்கள்.

"இங்க எதுக்கும்மா உக்காந்திருக்கே?" என்றாள் தாட்சாயிணி.

"ஓடிப்பூட்டான்னு சொல்லக்கூடாது பாரு, அதுக்குத்தான் குந்திகினு கீறேன்."

"உனக்கு யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

அங்கம்மா வெற்றிலைக் காம்பைக் கிள்ளினாள். "என்னாண்ட எதுக்கும்மா கேக்குற? உள்ள கேளு." சொல்லிவிட்டு வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டாள்.

எம்-80 அம்பத்தூர் எஸ்டேட் வழியாக மதுரவாயலைத் தொட்டு, பூந்தமல்லி ஹைரோட்டில் திரும்பியது. லாரிகளுக்கு நடுவே துலுக்கானம் கத்திக்கொண்டே ஓட்டினான்.

"மேடம், அந்தம்மா எட்த்துருக்காது. என் மனசு சொல்லுது."

"உன் மனசு போன மாசம் ஒரு கள்ள நோட்டுக்காரனை நல்லவன்னு சொல்லுச்சு."

"அது வேற மனசு மேடம். இது சர்வீஸ் பண்ணது."

கலியமூர்த்தியின் கடை, வேலப்பன்சாவடியில் காலேஜ் பஸ்கள் திரும்புகிற இடத்தில் இருந்தது. வாசலில் பழைய தேக்குக் கதவுகள், உள்ளே ஓடாத கடிகாரங்கள், ரசம் போன கண்ணாடிகள். கலியமூர்த்தி மட்டும் புத்தம் புதிதாக, ஜவ்வாது மணக்க உட்கார்ந்திருந்தார்.

"குணசேகரன் சார் ஸ்பூனா? யாரும் விக்க வரலைம்மா. வந்தா முதல் போன் அவருக்குத்தான் போட்டிருப்பேன். தங்கமான மனுஷன்."

"முலாம் பூசின ஸ்பூனுக்குப் பொருத்தமான மனுஷன்" என்று முணுமுணுத்தான் துலுக்கானம்.

"அந்தச் சின்ன ஸ்பூன் எதுக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் தாட்சாயிணி.

கலியமூர்த்தி எழுந்து போய், பரணிலிருந்து ஒரு வெள்ளி ஸ்டாண்டை இறக்கினார். வட்டமாகக் குட்டிக் கிண்ணங்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஸ்பூன் செருக ஒரு துளை. "இதுல இருந்ததுதான் அது. முட்டை ஸ்பூன்மா. துரைங்க காலையில அரைவேக்காட்டு முட்டையை ஓட்டோட இந்தக் கிண்ணத்துல நிக்க வச்சு, தலையைத் தட்டித் திறந்து ஸ்பூனால சாப்பிடுவாங்க. முட்டை பட்டா வெள்ளி கருத்துடும். அதுக்காகத்தான் குழிக்கு மட்டும் தங்க முலாம்."

"இவ்வளவு விவரம் வச்சிருக்கீங்களே!"

"எனக்கு என்னம்மா தெரியும்? நான் இதைக் குங்குமச் சிமிழ் ஸ்டாண்டுன்னு வித்துக்கிட்டிருந்தேன். குணசேகரன் சார்தான் இங்கயே நின்னு எனக்குப் பாடம் எடுத்தார். ஸ்பூன் மட்டும் போதும்னு வாங்கிட்டுப் போனார்."

வெளியே வந்ததும் துலுக்கானம் வண்டியை ஸ்டார்ட் செய்யவில்லை. தலையைச் சொறிந்தான். "தெரியாதுன்னு நம்மகிட்ட டபாய்ச்சுக்கிறாரு மேடம்."

"டீத்தூள் அள்ற ஸ்பூனுக்குக் கதை சொன்னார். எலும்புல தோண்டற ஸ்பூனுக்குக் கூடக் கூச்சப்படாமச் சொன்னார். இது ஒண்ணுக்கு மட்டும் கதை இல்லை. அப்பவே எனக்கு உறுத்துச்சு. நீ சொன்னது சரி துலுக்கானம். திருடன்னா பெரிய ஸ்பூனைத்தான் எடுப்பான். இதை எடுக்கறவனுக்கு வேண்டியது வெள்ளி இல்லை."

"முட்டை!"

"அந்த வீட்டுல இது முட்டை ஸ்பூன்னு தெரிஞ்ச ஆள் ஒருத்தர்தான்."

"ஆனா அந்த ஊட்ல முட்டையே நொழையாதே மேடம்."

"அதான் ஸ்பூன் வெளியே போயிருக்கு. விடு, ஏரிக்கரைக்கு."

ஏரிக்கரையில் வாக்கிங் போகிறவர்களை நம்பிப் பிழைக்கிற டீக்கடை ஒன்றே ஒன்றுதான். செங்கல்வராயன் கடை. பாய்லருக்குப் பக்கத்தில் ஈய டபராவில் முட்டைகள் வெந்துகொண்டிருந்தன. இரண்டு டீ வந்தது. துலுக்கானம் பேச்சை ஆரம்பித்தான். இந்த மாதிரி இடங்களில் தாட்சாயிணி வாயைத் திறப்பதில்லை. ஒரு மேடத்தைப் பார்த்தால் இந்த ஊர் டீக்கடை 'தெரியாதுங்க' என்றுதான் சொல்லும்.

"அண்ணாத்தே, வெள்ள சட்ட போட்டுகினு ஒரு பெரியவரு முட்ட துன்ன வருவாரே, பாத்தியா?"

"ஸ்பூன்காரரா?" செங்கல்வராயன் பளிச்சென்று சிரித்தார். "நாலு நாளா ஆளக் காணமே. ஒடம்பு சரியில்லியா நைனா?"

தாட்சாயிணி டீ கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அது இன்னா ஸ்பூன்காரரு?" என்றான் துலுக்கானம்.

"பின்ன? ஊரே முட்டைய உரிச்சுத் துன்னுது. அவருக்கு முழுசா வேவக்கூடாது. கைல வச்சுகினு தலைல ஒரு தட்டு தட்டுவாரு, மூடியாட்டம் தொறப்பாரு. பாக்கெட்லருந்து குட்டியா ஒரு ஸ்பூன் எடுப்பாரு, உள்ள தகதகன்னு மின்னும். கண்ண மூடிகினு துன்னுவாரு. அத்தப் பாக்கவே சோக்கா இருக்கும். துன்னு முட்ச்சதும் மாங்காடு இருக்கிற தெசையாப் பாத்துக் கன்னத்துல போட்டுக்குவாரு. மொத நாளு அந்தத் தெச எதுன்னு என்னாண்டதான் கேட்டாரு."

துலுக்கானத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வர வேண்டிய இடம். ஏனோ வரவில்லை.

"கடைசியா வந்த அன்னிக்கு ஸ்பூன இங்க மறந்து வச்சுட்டாரா?"

"இல்லபா. என் கண்ணால பாத்தேன். தொடைக்கக் கூட இல்ல, அவசரமா அப்டியே பாக்கெட்ல சொருவிகினு நடையக் கட்டிட்டாரு."

தாட்சாயிணி மனதுக்குள் கணக்குப் போட்டாள். சட்டைப் பையில் போன ஸ்பூன் வீட்டுக்குத்தான் போயிருக்கும். சட்டை துவைக்கப் போயிருக்கும். அந்த வீட்டில் துணி துவைப்பது அங்கம்மா. அவளைக் காப்பாற்றுவதாகக் கிளம்பி வந்த வழி, சுற்றிச் சுற்றி அவள் காலடியிலேயே போய் நின்றுவிட்டது. துலுக்கானத்துக்கும் அது புரிந்து, டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

இனிச் சும்மா இருந்தால் ஆகாது. தாட்சாயிணியே கேட்டாள். "அன்னைக்கு அவருக்கு என்ன அவசரம்?"

"ஞாயித்துக்கெழமம்மா. எங்க தெரு அம்மனுக்குக் கூழு ஊத்துனாங்கோ. மோளம் அட்ச்சுகினு ஊர்வலம் இந்த வழியாத்தான் வந்துச்சு. அத்தப் பாத்ததும் மனுசன் வெலவெலத்துப் பூட்டாரு. பானையத் தூக்கினு முன்னால வந்த அங்கம்மாவ அவருக்குத் தெரியும் போல."

"எந்த அங்கம்மா?" துலுக்கானத்தின் குரல் உயர்ந்தது.

"எங்க தெரு அங்கம்மாதான், ஊட்டு வேலைக்குப் போவுதே. வருசா வருசம் மொதப் பானை அதுதான் தூக்கும். அன்னிக்கு முழுக்க கோயில்லதான் கெடந்துச்சு. ஊருக்கே கூழு ஊத்திச்சு. வேலைக்கெல்லாம் போவல."

தாட்சாயிணி எழுந்துவிட்டாள். சில்லறையைப் பெஞ்சில் வைத்தாள்.

"துலுக்கானம், அன்னைக்கு அந்தச் சட்டையைத் துவைச்சது யாரு?"

துலுக்கானம் மிச்ச டீயை ஒரே மடக்கில் குடித்தான். "ஐயையோ" என்றான்.

அவர்கள் திரும்பியபோது நிழல் நகர்ந்திருந்தது. அங்கம்மாவும் அதோடு நகர்ந்து உட்கார்ந்திருந்தாள். கஸ்தூரியின் தம்பி இன்னும் வரவில்லை.

தாட்சாயிணி நேராகப் பின்கட்டுக்குப் போய், கொடியிலிருந்த சட்டையை உருவிக்கொண்டு வந்து கூடத்து மேஜையில் விரித்தாள். குணசேகரன் அதைப் பார்த்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"இது என்ன கறை சார்?"

"சாம்பாரா இருக்கும்..."

"சாம்பார்ல மஞ்சள் இருக்கு. மஞ்சள் கறையில சோப்புப் பட்டா செவந்துடும். நாலு நாள் வெயில்ல கெடந்தா வெளுத்தே போயிடும். இது செவக்கவும் இல்லை, போகவும் இல்லை. முட்டைக் கரு சார். இந்தச் சட்டையை வெந்நீர்ல போட்டிருக்காங்க. வெந்நீர் பட்டா கரு துணியிலேயே வெந்து ஒட்டிக்கும்."

குணசேகரன் உட்கார்ந்துவிட்டார். மறுக்கவில்லை. அந்த மட்டுக்கு அந்த மனிதரைப் பாராட்ட வேண்டும். அதற்கு முந்தைய நான்கு நாட்களுக்குப் பாராட்ட ஒன்றுமில்லை.

"சாப்பிட்டேம்மா. இந்த ஆடியில மட்டும் இல்லை, தையிலேருந்தே சாப்பிடறேன். அந்த ஸ்பூனை வாங்கின அன்னைக்கு, இதுல ஒருத்தன் எப்படிச் சாப்பிட்டிருப்பான்னு தோணுச்சு. ஒரு தடவை மட்டும்னு போனேன். அப்புறம் விட முடியலை. சமையலறை ஸ்பூன்ல முட்டை படக்கூடாது, அவ வேண்டுதல் அதுலயாவது சுத்தமா இருக்கட்டும்னு இதை எடுத்துட்டுப் போவேன்."

"சோக்கான சுத்தம்" என்றான் துலுக்கானம். தாட்சாயிணி முறைத்தாள்.

"ஒவ்வொரு தடவையும் துபாய்லேருந்து போன் வர்ற வரைக்கும் உயிர் இருக்காது. பையனுக்கு ஏதாவது ஆயிடுச்சோன்னு. அவன் குரலைக் கேட்டா, சரி, அம்மன் மன்னிச்சுட்டான்னு மறுபடி போவேன். ஞாயித்துக்கிழமை அந்த ஓட்டத்துல ஸ்பூன் ஏரிக்கரையில விழுந்துடுச்சுன்னு நினைச்சேன். இவ வந்து அங்கம்மா பேரைச் சொன்னா. நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரலை. இந்த வாய் முட்டைக்குத் திறந்துது, ஒரு ஏழைப் பொம்பளைக்குத் திறக்கலை." அவர் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார்.

"ஸ்பூன் விழலை சார்" என்றாள் தாட்சாயிணி. "வீட்டுக்கு வந்துடுச்சு. அங்கம்மா அன்னைக்கு வேலைக்கு வரலை. அவ துவைச்சிருந்தா கறையும் நின்னிருக்காது. இல்லையாம்மா?"

கடைசிக் கேள்வி குணசேகரனுக்கு இல்லை.

கஸ்தூரி பூஜை அறைக்குப் போனாள். மாங்காடு அம்மன் படத்துக்குப் பின்னால் கை விட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். சுண்டுவிரல் நீளத்தில் வெள்ளி ஸ்பூன். குழியில் மஞ்சள் கரு காய்ந்து அப்பியிருந்தது. முலாம் அதன் ஓரத்தில் இன்னும் பளபளத்தது.

குணசேகரன் நிமிர்ந்து பார்த்தார். ஸ்பூனை அல்ல, மனைவியை.

"தெரிஞ்சேவா?"

"சட்டையை நனைக்கும்போது கையில தட்டுப்பட்டுது. மோந்து பார்த்தேன். உடனே உங்களைக் கேட்டிருக்கலாம். கேட்டா பொய் சொல்லிடுவீங்களோன்னு பயம். நீங்களா சொல்லணும்னு ஒரு வீம்பு. ஸ்பூனைக் காணோம்னு சொன்னேன், நீங்க பேசலை. சட்டையைக் கொடியிலேயே விட்டேன், அங்கம்மாவையும் தொடவிடலை, தினம் அதைத் தாண்டித்தானே குளிக்கப் போனீங்க. அப்பவும் பேசலை. கடைசியா அங்கம்மா பேரைச் சொன்னேன். அவளைச் சொன்னா உங்களுக்குப் பொறுக்காது, உடனே உண்மையைச் சொல்லிடுவீங்கன்னு நம்பினேன்." அவள் ஸ்பூனை மேஜையில் வைத்தாள். "நீங்க பேசாம இருந்தீங்க. தம்பி காதுல விழுந்துது. தெருவுல பரவுச்சு. நான் தூக்கிப் போட்ட கல்லு, அப்புறம் என் கைக்குத் திரும்பி வரலை."

"அப்போ எங்கள இன்னாத்துக்கும்மா கூப்ட்டீங்க?" என்றான் துலுக்கானம். இந்தத் தடவை கிண்டல் இல்லை.

"நான் சொன்னா புருஷனைக் காட்டிக் கொடுத்த மாதிரி ஆயிடும். சொல்லலேன்னா அவ ஸ்டேஷனுக்குப் போவா. வேற யாராவது வந்து கண்டுபிடிச்சுட்டா நல்லதுன்னு பார்த்தேன். எனக்கும் தைரியம் இல்லை தம்பி. அவர் முட்டையில செஞ்ச பாவத்தை விட இது பெரிசு."

தாட்சாயிணி சட்டையை மடித்து வைத்தாள். மத்தியானம் டீக்கடையில் ஒரு நிமிஷம் அவளும்தான் அங்கம்மாவைத் திருடியாக நினைத்தாள். அது அவளுக்கு இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது.

கஸ்தூரி ஸ்பூனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். பின்னாலேயே குணசேகரன். கேட்டைத் திறந்து, தெருவென்றும் பார்க்காமல் அங்கம்மாவுக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்தாள்.

"அங்கம்மா, ஸ்பூன் என்கிட்டதான் இருந்துது. இவர் இதை எடுத்துட்டுப் போய்..."

"முட்ட துன்னாரு" என்றாள் அங்கம்மா.

துலுக்கானம் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"தை மாசத்துலருந்து அந்தச் சட்டைங்களத் தொவைக்கிறவ நானு. எனக்குத் தெரியாதா? பச்சத் தண்ணி, கல்லுப்பு. ஒரு பொட்டுக் கறை உட்டதில்ல. நீ பாத்தா மனசு ஒடிஞ்சு பூடுவியேன்னு உன் கண்ணுல படாம ஒணத்துனேன். அன்னிக்கு ஒரு நாளு கூழு ஊத்தப் போனேன், அதுக்குள்ள இம்மாங் கூத்து."

"தெரிஞ்சும் ஏன்டி சொல்லலை? உன் பையைக் கொட்டினாங்களே, அப்பக் கூடவா சொல்லக்கூடாது?" கஸ்தூரி அழுதேவிட்டாள்.

"ஊட்டு விசயத்த வெளிய சொல்றவ நானில்ல. ஐயா சொல்லுவாருன்னு காத்துகினு இருந்தேன். நீயும் உள்ள அதுக்குத்தான் காத்துகினு இருந்துக்கிறே, நானும் வெளிய அதுக்குத்தான் குந்திகினு இருந்தேன்." அவள் முதல் தடவையாகக் குணசேகரனை நிமிர்ந்து பார்த்தாள். "அவருதான் வரல."

குணசேகரன் கை கூப்பினார். "என்னை மன்னிச்சுடு அங்கம்மா. நாளையிலேருந்து நீ பழையபடி..."

"மன்னிப்பெல்லாம் உன் ஊட்டுக்குள்ளயே வச்சுக்க சாமி. அத்த வச்சுகினு என் பொண்ணுக்குப் பரிசம் போட முடியாது." அங்கம்மா எழுந்து புடவையிலிருந்த மண்ணைத் தட்டினாள். "என்னைத் திருடின்னு சொன்னது இந்தத் தெருவு. தெருவுக்கு வந்து சொல்லு. ஸ்பூன எட்த்துகினு வா. ஊடு ஊடா வா."

"வீடு வீடாவா?" குணசேகரன் மனைவியைப் பார்த்தார். ஊரறிந்த விரதம் அது. ஒவ்வொரு கல்யாணப் பந்தியிலும் கஸ்தூரி பெருமையாகச் சொன்னது. கஸ்தூரி ஸ்பூனை அவர் கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"நானும் வர்றேன். நடங்க" என்றாள்.

முதல் வீடு, பையைக் கவிழ்த்துக் கொட்டிய வீடு. குணசேகரன் மணி அடித்தார். வயதான ஒரு அம்மாள் கதவைத் திறந்து, கஸ்தூரியையும் அங்கம்மாவையும் பின்னால் நின்ற அந்நியர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

குணசேகரன் வாயைத் திறந்தார்.

"ஸ்பூனை அங்கம்மா எடுக்கலைங்க. நான்தான் எடுத்தேன். முட்டை சாப்பிட."

அந்த அம்மாள் ஒன்றும் விளங்காமல் விழித்தாள்.

"சத்தமா சொல்லு சாமி" என்றாள் பின்னாலிருந்து அங்கம்மா. "அந்தம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்."

குணசேகரன் ஸ்பூனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, எதிர்வீட்டு ஜன்னல் வரைக்கும் கேட்கிற மாதிரி மறுபடி சொன்னார்.